முழுக்கை போட்ட பிரேமா

உங்கள் வீட்டில் யாரையாவது அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு, "அவ ஓடிப்போயிட்டாளே" என்று அவர் வாயாலேயே பதில் வாங்கியிருக்கிறீர்களா?

நான் வாங்கியிருக்கிறேன். அப்போது எனக்கு எட்டோ ஒன்பதோ. குற்றால சீசன். சாரல் கூடாரத்துணியில் பொடிப்பொடியாகத் தட்டிக்கொண்டிருந்தது. டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவே பிரேமா அத்தை உட்கார்ந்து கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். இடது கைக்கு முடித்துவிட்டு வலது கைக்கு வந்தார். ஜாக்கெட்டில் கூட அவருக்கு வலது கை மட்டும் முழுக்கை. அன்றைக்குத்தான் அதை முழங்கைக்கு மேல் அவர் சுருட்டி நான் பார்த்தேன்.

உள்ளே பச்சை குத்தியிருந்தது. நான் புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கிற வெறியில் இருந்தேன். தீப்பெட்டி, பஸ் போர்டு, எதையும் விடுவதில்லை. சத்தமாகப் படித்தேன்.

"கோ-ம-தி. கோமதி யாரு அத்தை?"

"என் தங்கச்சி. ஓடிப்போயிட்டா."

"எங்கன?"

"கொல்லத்துக்காரன் ஒருத்தன்கூட. அந்த ஓடுகாலி பேச்ச எடுக்காதட்டி."

"அவ பேர நீ எதுக்குக் கையில எழுதிருக்க?"

அத்தை தன் கையைப் பார்த்தார். ரயிலில் பக்கத்து சீட்காரர் விட்டுப்போன பையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நான் எழுதல. அவதான் எழுதிட்டுப் போயிட்டா."

பிறகு முழுக்கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை மூடினார். வலது கையில் கடைசி வரை எண்ணெய் தேய்க்கவில்லை.

ஒரு பெயர், நாலு பேர்

போன வாரம் இந்தத் தொடரில், காலியான சிங்கக் கூண்டுக்குள் உட்கார்ந்து நான் வீட்டுப்பாடம் எழுதியதைப் பற்றிச் சொன்னதும், "மேடம் செம பில்டப்" என்று நாலு பேர் மெயில் அனுப்பியிருந்தார்கள். அவர்களும் இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குபவர்களும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்களுடையது பவுன்ராஜ் சர்க்கஸ். சிவகிரிப் பக்கத்திலிருந்து தாத்தா இரண்டு குதிரைகளோடு கிளப்பினது. இப்போது மிருகம் என்று சொல்ல ஒரே ஒரு நாய். அதுவும் கூட்டல் கணக்குதான் போடும், கழித்தல் வராது.

மற்றபடி எங்களிடம் இருப்பது ஊஞ்சல் ஆட்டம். அதில் பறப்பவள் பிரேமா.

"இதுவரை ஒருமுறைகூடக் கீழே விழாத பிரேமா" என்று மைக்கில் அப்பா சொல்வார். தாத்தா சொன்ன அதே வரி, அதே இழுப்பு. தாத்தா காலத்திலிருந்து இன்று வரை எங்கள் போஸ்டரில் ஒரே பிரேமா, ஒரே முகம், ஒரே வயசு. ஒருத்தி இறங்கினால் அடுத்தவள் ஏறுவாள், அவ்வளவுதான். எங்களுக்கு அது பெரிய விஷயமே கிடையாது. கடைக்குப் பெயர் இருப்பதுபோல ஊஞ்சலுக்குப் பெயர்.

எனக்கு முன்னால் என் அம்மா பிரேமா. தோள்பட்டை இறங்கிவிட்டது என்று டாக்டர் கண்டித்த பிறகு, பாளையங்கோட்டையில் விஸ்காம் படித்துக்கொண்டிருந்த நான் அரியர் பேப்பரோடு திரும்பி வந்து பிரேமா ஆனேன். அம்மாவுக்கு முன்னால் பிரேமா அத்தை. முறைப்படி அவர் அப்பாவுக்குத்தான் அத்தை, எனக்கு ஆச்சி. ஆனால் பிரேமாவுக்கு வயசாகக் கூடாது என்பது கூடாரச் சட்டம். அதனால் எனக்கும் அத்தை.

பெட்டி மூடியின் உட்பக்கம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஒட்டியிருக்கும். முதல் பிரேமாவின் முகம். அதைப் பார்த்துத்தான் மேக்கப். புருவம் ஏறணும், உதடு சின்னதாகணும், தாடை குறுகணும். கண்ணாடியும் மூடியும் ஒன்றாகிற வரைக்கும் வரைந்துகொண்டே இருக்கணும். முடிந்த பிறகு யாரும் என்னை நிவேதா என்று கூப்பிடக் கூடாது. பெற்ற அம்மாவே, "பிரேமாக்கா, டீ ஆறுது" என்பாள். முதல் வாரம் எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் வாரம், என்னைத் தாண்டி வேறு யாரிடமோ அவள் பேசுவதுபோலத் தோன்றி ஒருமுறை திரும்பிக்கூடப் பார்த்தேன்.

உடுப்பிலும் ஒரு விதி உண்டு. இடது கை வெறுங்கை. வலது கைக்கு மணிக்கட்டு வரை ஜிகினா வைத்த முழுக்கை. ஸ்டைல் என்று நினைத்துத்தான் நான் போட்டுக்கொண்டேன்.

முதல் பலகை

இந்த சீசனுக்கும் வழக்கம்போலத் தென்காசியில் அதே மைதானம், அதே மூலை. மற்ற ஊர்களில் ரிங்கை எங்கே வேண்டுமானாலும் போடுவோம். தென்காசியில் மட்டும் அப்பா அடியளந்து, பழைய இடத்திலேயேதான் போடுவார். போட்டதும் அருவியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து நடுவில் ஊற்றுவார். தூசி அடங்கவாம். சாரலில் ஏது தூசி என்று கேட்டால் முறைப்பார்.

புதுக் கூடாரத்துணி, ஒரு ஓட்டை கிடையாது. இருந்தும் தென்காசியில் ரிங்கின் நடுவில் மரத்தூள் காய்வதே இல்லை. மேலே ஊஞ்சல் பலகையில் நின்று பார்த்தால் பாய் அளவுக்கு ஒரு ஈரக்கறை தெரியும். சாயங்காலம் காய்ந்த தூளை மேலே போட்டு மூடுவோம். காலையில் அதே இடம், அதே அளவு.

முதல் வாரமே அவரைக் கவனித்துவிட்டேன். வெள்ளை வேட்டி, வெள்ளைத் தொப்பி, எழுபது தாண்டிய ஆள். தினமும் இரண்டு மணி ஷோ, கேலரியின் அடிப்பலகை. ஜோக்கருக்குச் சிரிக்க மாட்டார், நாய்க்குக் கை தட்ட மாட்டார். நான் ஏறும்போது மட்டும் எழுந்து நிற்பார். இறங்கியதும் போய்விடுவார்.

எட்டாம் நாள் காலை, நான் முழு வேஷத்தில் பிராக்டிஸ் முடித்துத் துண்டோடு உட்கார்ந்திருந்தபோது உள்ளே வந்தார். பின்னாலேயே குடையும் மூச்சிரைப்புமாக அவர் மகள்.

"வாப்பா, சொன்னா கேளுங்க. வீட்டுக்குப் போவோம்."

"ஏட்டி ஷரீபா, இரு. ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்." என்னைப் பார்த்தார். "நீ எப்படித் தாயி வயசாகாம இருக்க? எனக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எம் பேரு காசிம். கடையநல்லூரு. நான் பாத்தப்ப நீ செத்துட்ட."

ஷரீபா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "ஆரம்பிச்சாச்சு" என்றாள் என்னிடம். "இத்தன வருசமா சர்க்கஸ் பக்கமே போவாம இருந்தாவ. இந்த வருசம் போஸ்டரப் பாத்த நாள்லேருந்து இதான். மூளை டாக்டர்ட்ட காட்டி மாத்திர குடுத்தா, எந்நேரமும் தூங்குதாவ. தூங்கி எந்திச்சா மறுபடியும் இதே கத. நீங்களே சொல்லிருங்க மேடம், நீங்க சாகலன்னு."

"அவ சொல்லட்டும். நீ என்னத்துக்கு எடுத்துக் குடுக்க?" என்றார் காசிம் பாய்.

சொப்பனக் காசிம்

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அப்போது அவருக்குப் பத்தொன்பது வயசு. தறி நெய்கிற வீடு. கூடாரத்துக்கு ஒட்டுப்போட முரட்டுத்துணி கேட்டிருந்தார்கள் என்று காலையில் சைக்கிளில் கொண்டுவந்தார். உள்ளே ஒரு பெண் நனைந்த ஊஞ்சல் கம்பியைத் துடைப்பதற்காக மேலே ஏறியிருந்தாள். முறுக்கிக் கட்ட வேண்டும் என்று கீழே வலையை ஒரு பக்கம் அவிழ்த்து வைத்திருந்தார்கள். கை வழுக்கியது.

"அஞ்சடி தூரத்துல நின்னேன். நெல்லு மூட்டைய இறக்குவாங்கள்ல, அந்தச் சத்தம். கண்ணு தொறந்தே இருந்துச்சு. ரெண்டு கையும் வெறுங்கை. துணியப் போட்டுட்டு சைக்கிள எடுத்துட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்."

போலீஸ்காரர் ஒருவர் அவரோடு கிளம்பி வருவதற்குள் மணி இரண்டு. ஷோ தொடங்கியிருந்தது. மைக்கில் பெயர் சொன்னார்கள். பிரேமா ஏறினாள், பறந்தாள். போலீஸ்காரர் கடைசி வரை உட்கார்ந்து பார்த்துக் கை தட்டினாராம்.

"வலது கைல முழுக்கை போட்டிருந்தா. அவர்ட்ட சொன்னேன், காலைல வெறுங்கை சார், இப்ப முழுக்கைன்னு. 'ஏலே, செத்தவளுக்குச் சட்டை தச்சுக் குடுத்தது நீயால'ன்னு கேட்டாரு. கூடாரமே சிரிச்சுச்சு."

அன்றிலிருந்து அவர் சொப்பனக் காசிம். பள்ளிவாசலில், சந்தையில், எங்கே போனாலும். பேசி வைத்திருந்த பெண் வீட்டார், பையனுக்குப் புத்தி சரியில்லை என்று விலகிக்கொண்டார்கள். யாருக்கும் தன்னைத் தெரியாத ஊராகப் பார்த்துப் போனார். சவூதியில், தமாமில் முப்பது வருஷம்.

"வீட்ல எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாப்பாவ" என்றாள் ஷரீபா. "சுவிட்ச் அணைஞ்சிருக்கான்னு தொடுவாவ. நாங்க தூங்கும்போது எங்க மூஞ்சியத் தொடுவாவ. சின்ன வயசுல நான் பயந்து கத்திருக்கேன்."

காசிம் பாய் அவளைப் பார்க்கவில்லை. "நான் அன்னைக்குப் பாத்தது பொய்னா, அதுக்குப் பெறகு பாத்த எதுவும் எனக்கு உறுதியில்ல தாயி. நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. எதுக்கு ஒரு கைக்கு மட்டும் முழுக்கை?"

நான் வாயைத் திறந்தேன். ஸ்டைல் என்று சொல்லத்தான். எனக்கு முன்னால் எண்ணெய்க் கிண்ணமும் சுருட்டிவிட்ட ஜாக்கெட்டும் கோமதி என்ற மூன்று எழுத்தும் வந்து நின்றன.

"நாளைக்குச் சொல்லுதேன் பாய்" என்றேன்.

"அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு. நாளைக்குதான?" என்று எழுந்துகொண்டார்.

அப்பா மரத்தூள் சலிக்கிறார்

அப்பாவுக்கு டென்ஷன் வந்தால் மரத்தூள் சலிப்பார். அன்றைக்கு நான் போகும்போதே சலித்துக்கொண்டுதான் இருந்தார். யாரோ வந்து போனது அவருக்குத் தெரிந்திருந்தது.

"அப்பா, தென்காசில மட்டும் எதுக்கு ரிங்க மாத்த மாட்டேங்கிய?"

"ஏட்டி, உனக்கு வேற சோலி இல்லையா?"

"அருவித் தண்ணி யாருக்கு?"

"தாத்தா ஊத்துனாவ. நானும் ஊத்துதேன்."

"கீழ யாரு இருக்கா?"

சல்லடை நின்றது. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் எதையும் பாக்கல. கைப்புள்ள அப்ப. பின்னால ஒருநா உங்க தாத்தா சொன்னாரு. 'ரிங்கத் தள்ளிப் போட்டுராதலே, ராஜாத்தி மழைல நனைவா'ன்னு. அவ்வளவுதான்."

"ராஜாத்தி யாரு?"

"பிரேமா. என் மூத்த அத்தை."

"அப்ப நம்ம பிரேமா அத்தை?"

"ராஜாத்தியோட தங்கச்சி. கோமதி."

"கோமதி ஓடிப்போனான்னு சொல்லிட்டு இருந்தீங்களே."

"ஓடித்தான் போனா. அன்னைக்கு ரெண்டு மணி ஷோவோட கோமதி போயிட்டா."

கூடாரத்துப் பெரியவர்கள் பேசக் கேட்டுச் சேர்த்து வைத்திருந்த மிச்சத்தைத் துண்டு துண்டாகச் சொன்னார். விழுந்தது வெளியே தெரிந்தால் கூடாரத்தை மூடிவிடுவார்கள், சீசன் போய்விடும், அறுபது பேர் சாப்பாட்டுக்கு வழி இல்லை. ஒரே ஒரு நாளைக்குச் சமாளித்துவிடலாம் என்று தாத்தா நினைத்திருக்கிறார். நடுவில் குழி. மேலே மரத்தூள். ராஜாத்தியின் உடுப்பையே அலசி, ஈரத்தோடு தங்கச்சிக்குப் போட்டுவிட்டார்கள். பச்சை குத்தியது தெரியாமல் இருக்க ஒரு கைக்கு மட்டும் அவசரமாக முழுக்கை தைத்தார்கள். அந்த ஒரு நாள் முடியவே இல்லை. ஒருத்தியை உயிரோடு காட்டணும் என்றால் இன்னொருத்தியைக் காணாமல் ஆக்கணும். அதற்குத்தான் அந்தக் கொல்லத்துக்காரன் கதை.

"தண்ணி எதுக்குப்பா?"

"அன்னைக்கு ஷோ முடிஞ்சதும் அருவிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு தாத்தா சொல்லிருந்தாராம். சீசனுக்கு வந்தவ குளிக்காம இருக்காளேன்னு..." என்று நிறுத்திவிட்டுச் சல்லடையை எடுத்தார்.

நாலு சீசனாக நான் அவளுக்கு நேர் மேலே பறந்துகொண்டிருந்திருக்கிறேன். அவள் முகத்தை வரைந்துகொண்டு.

"அந்தப் பெரியவர்ட்ட சொல்லணும்ப்பா."

"சொல்லி? சர்க்கஸ மூடிருவாவ. அவருக்கு இனி என்ன ஆவப்போவுது?"

"அவருக்கு ஆனதெல்லாம் நம்மாலதான ஆச்சு."

அன்று ராத்திரி வரைக்கும் அப்பா சலித்த தூளையே திரும்பத் திரும்பச் சலித்தார் என்று அம்மா சொன்னாள்.

பிரேமா அத்தையின் கடைசி வாரம்

கையில் எண்ணெய் தேய்த்த அந்த நாளுக்குப் பிறகு மூன்று நாலு வருஷம் அத்தை இருந்தார். கடைசியில் காய்ச்சலில் படுத்துவிட்டார். கண் திறக்கவில்லை. யார் என்ன சொல்லிக் கூப்பிட்டும் அசைவில்லை. பிரேமா, பிரேமாக்கா, பிரேமா அத்தை, எல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று.

அப்போது அம்மா குனிந்து அவர் காதில் எதையோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்கு அன்றைக்குக் கேட்கவில்லை. போன வாரம்தான் கேட்டேன். "கோமதி அத்தைன்னு கூப்பிட்டேன்" என்றாள்.

அதற்கு அத்தை கண் திறந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கூடார வாசலைப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை, சின்னப் பெண் மாதிரி இருந்தது.

"வந்துட்டாளா? எங்கன நிக்கா?" என்றார். "உள்ள வரச் சொல்லு. நான் ஒண்ணும் ஏச மாட்டேன்."

நாங்கள் எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தோம். யாரும் இல்லை. திரும்பியபோது அவரும் இல்லை. தகனத்துக்குக் கொடுத்த தாளில் பெயர் பிரேமா என்றுதான் எழுதினார்கள். ஆக, கணக்குப்படி எங்கள் வீட்டில் கோமதி இன்னும் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள். ராஜாத்தி பிறந்ததற்கே தாள் இல்லை.

எழுதித் தா

மறுநாள் காலை காசிம் பாய் வந்தார். மேக்கப் இல்லாமல், என் சொந்த மூஞ்சியோடு ரிங்குக்குக் கூட்டிப்போனேன். ஷரீபாவும் வந்தாள்.

"நீங்க பாத்தது நெசம் பாய். அவ அன்னைக்குக் காலைலயே செத்துட்டா. மத்தியானம் பறந்தது அவ தங்கச்சி. இங்கனதான் வச்சிருக்காங்க."

அவர் கஷ்டப்பட்டு முட்டி மடக்கி உட்கார்ந்து ஈர மரத்தூளில் உள்ளங்கையை வைத்தார். எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

"அவ பேரு என்ன?"

"ராஜாத்தி."

"ராஜாத்தி" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். "இத்தன வருசமா நெசப் பேரு தெரியாமயே அவளுக்காக துஆ கேட்டுட்டு இருந்திருக்கேன்."

ஷரீபாதான் வெடித்தாள். "எங்க வாப்பாவ ஊரே பைத்தியம்னு சொல்லுச்சு. நானும் சொன்னேன். மாத்திர வாங்கி வாயில போட்டேன். நீங்க வருசா வருசம் இங்கனயே வந்து, அவ மேலயே ஆடி, நாங்க கை தட்டி..." குடையைத் தரையில் குத்தினாள். "மனுசங்கதானா நீங்க?"

"ஏட்டி, அவள ஏசாத. அவ அப்ப பொறக்கவே இல்ல." காசிம் பாய் என் கையைப் பிடித்து எழுந்தார். பிடித்த கையை விடாமல் சொன்னார். "எழுதித் தா தாயி. வாயால சொன்னா செல்லாது. நானும் அன்னைக்கு வாயாலதான் சொன்னேன்."

போனிலேயே மனு டைப் பண்ணினேன். தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டேன். கடைக்காரர் முதல் பத்தியைப் படித்துவிட்டு என் காலைப் பார்த்தார், தரையில் படுகிறதா என்று. கீழே காசிம் பாய் கையெழுத்து, அதற்குக் கீழே குடும்பத்தார் என்று போட்டு நிவேதா. பிரேமா என்று கையெழுத்துப் போட்டுப் பழகின கை, இரண்டு முறை தடுமாறியது.

அப்பாவிடம் ஒரு பிரதி கொடுத்தேன். முழுக்கப் படித்தார்.

"அங்கன ஒண்ணும் இல்லாமப் போனா என்னட்டி செய்வ? குழி தோண்டுனவங்க யாரும் உசுரோட இல்ல. நான் பாக்கல. இடத்தப் பத்தி உங்க தாத்தா சொன்னது ஒரே வரி. ஒண்ணும் கெடைக்கலன்னா, அந்த மனுசன் இனி தாள்லயும் சொப்பனக் காசிம்."

அதை நான் யோசிக்கவே இல்லை. காசிம் பாயிடம் போய் அப்படியே சொன்னேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடலாம் என்றேன்.

"தோண்டட்டும்" என்றார். "நான் பாத்தேன்."

அப்பா என்னிடம் பேசி ஆறு நாள் ஆகிறது. ஆனால் இன்று காலை அதிகாரிகள் வந்தபோது, யாரும் கேட்காமலே அடியளந்து போய், ரிங்கின் நடுவில் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டுக் கொடுத்தது அவர்தான்.

இதை நான் கேலரியில் உட்கார்ந்து போனில் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஷோ கிடையாது. மரத்தூளை வழித்து ஒதுக்கிவிட்டார்கள். தாசில்தார், ஒரு டாக்டர், இரண்டு போலீஸ், மண்வெட்டியோடு மூன்று பேர். தோண்டுவதற்கு முன்னால் தாசில்தார் மனுவைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, நேரில் பார்த்தவர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டார்.

காசிம் பாய் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.